மாதா மாதம் வாய்ப்புண்: குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு வருடமாக மாதம் ஒருமுறையாவது வாய்ப்புண் வருகிறது. உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் ஓரம் என்று இடம் மாறும். பத்து நாளில் ஆறிவிடும். பி காம்ப்ளெக்ஸ் போட்டும் நிற்கவில்லை. புற்றுநோயாகிவிடுமோ என்று பயம். ஒட்டிக்கொள்ளும் என்று குழந்தைக்கு முத்தம்கூடக் கொடுப்பதில்லை.

பதில்: சகோதரி, முதலில் குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஆப்தஸ் அல்சர் எனப்படும் சாதாரண வாய்ப்புண். நடுவில் மஞ்சள் கலந்த வெண்மை, சுற்றிலும் சிவப்பு வளையம். இது யாருக்கும் ஒட்டாது, புற்றுநோயாகவும் மாறாது. ஒட்டக்கூடியது வேறு: உதட்டுக்கு வெளியே நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து, உடைந்து, பொருக்குத் தட்டும். அது ஹெர்பிஸ் வைரஸின் வேலை. அது வந்திருக்கும்போதுதான் முத்தம் கூடாது.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பி காம்ப்ளெக்ஸை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்பேன். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் நான்கையும் பார்க்க வேண்டும். குறைவது இரும்புச்சத்தாக இருந்தால், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியும் பயனில்லை. மாதவிலக்கை ஒட்டி வருகிறதா, தூக்கம் கெட்ட நாட்களில் வருகிறதா என்று தேதி குறித்து வையுங்கள். பற்பசை டியூபையும் திருப்பிப் பாருங்கள். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அது இல்லாத பற்பசைக்கு மாறியதும் புண் குறைந்தவர்கள் உண்டு.

புண் வந்துவிட்டால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். காரம், புளிப்பு, சூடு வேண்டாம். டிரையாம்சினலோன் எனப்படும் ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் எழுதித் தந்தால், சுருக்கென்று குத்தத் தொடங்கும்போதே போட வேண்டும். படுக்கப்போகும் முன் சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, களிம்பைத் தேய்க்காமல் லேசாக ஒற்றி வையுங்கள். தேய்த்தால் திரிதிரியாக உதிர்ந்துவிடும்.

எப்போதும் ஒரே இடத்தில் வந்தால், அதற்கு நேரே இருக்கும் பல்லை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் பல் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் ராவிவிடுவார்.

அப்புறம், மூன்று வாரமாகியும் ஆறாத புண், ஓரம் கெட்டியான புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். வலிக்கவில்லையே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். புற்றுநோய்ப் புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.