ரோடு பராமரிப்பு ஒழுங்கா நடக்குதானு எதை வச்சு கண்டுபிடிக்கிறது?

கேள்வி: சார், எங்க நகராட்சி வருஷா வருஷம் இத்தனை கிலோமீட்டர் ரோடு போட்டோம், இத்தனை குழி அடைச்சோம்னு அறிக்கை விடுது. ஆனா ரோடு மோசமாயிட்டேதான் போகுது. அவங்க வேலைய நல்லா பண்றாங்களா இல்லையானு எங்க குடியிருப்போர் சங்கம் எப்படி மதிப்பிடுறது?

பதில்: அவங்க சொல்ற ரெண்டு நம்பரும் நிஜமாவே இருக்கலாம்ங்க, ஆனா ரெண்டுமே செஞ்ச வேலையோட கணக்குதான், ரோடு இப்ப எப்படி இருக்குங்கற கணக்கு இல்ல. குழி அடைச்ச எண்ணிக்கை வருஷா வருஷம் கூடிட்டே போச்சுன்னா அத்தனை குழி விழுதுனு கூட அர்த்தம் இருக்கலாம்.

நான் முதல்ல போட்டு பாக்குறது ஒரு சின்ன கணக்கு. மொத்தம் 100 கிலோமீட்டர் ரோடு இருக்குனு வச்சுக்கோங்க, ஒரு வருஷம் ஓடினா ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரு வருஷ ஆயுளை இழக்குது, ஆக 100 'கிலோமீட்டர் வருஷம்' கரைஞ்சு போச்சு. அதே வருஷத்துல 5 கிலோமீட்டர் புதுசா போட்டு, அது 12 வருஷம் தாங்கும்னா திரும்ப கிடைச்சது 60தான். மீதி 40 நஷ்டம். அறிக்கைல 5 கிலோமீட்டர் போட்டாச்சுனு சந்தோஷமா இருக்கும், ஆனா மொத்த ரோடும் சேர்ந்து கிழடாயிட்டு இருக்கும், நீங்க பாக்குறது இதுவா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

இதை எப்படி சரிக்கட்டுறதுனா, நல்லா இருக்கற ரோட்டை கவனிக்கணும். கேக்க விசித்திரமா இருக்கும். தார் ரோடு ரொம்ப வருஷம் மெதுவாதான் கெடும், அப்புறம் ஒரு கட்டத்துல விரிசல் வழியா தண்ணி உள்ள இறங்கி அடிப்பகுதி ஜல்லி இளகி, மேல முதலைத் தோல் மாதிரி வெடிச்சு, மடமடனு போயிடும். விரிசல் விட்ட உடனே அடைச்சு மேல மெல்லிசா ஒரு கோட்டிங் கொடுத்தா ஆகற செலவு, தோண்டி திரும்ப போடுற செலவுல ரொம்ப சின்ன பங்குதான். மோசமான ரோட்டுக்கே எல்லா காசையும் கொட்டுற நிர்வாகம் எப்பவும் துரத்திட்டேதான் இருக்கும். அதனால பட்ஜெட்ல இந்த முன்கூட்டி பராமரிப்புக்கு தனியா எவ்வளவு ஒதுக்கியிருக்காங்கனு கட்டாயம் கேளுங்க, என்னை பொறுத்தவரை நிர்வாகத்தோட தரம் அங்கதான் தெரியும்.

நிலைமைய அளக்க ரெண்டு அளவுகோல் பரவலா இருக்கு. பிசிஐனு ஒண்ணு, விரிசல், பள்ளம் எல்லாம் எண்ணி 0லேருந்து 100 வரைக்கும் மார்க் போடுவாங்க, 85க்கு மேல நல்ல ரோடு, 40க்கு கீழ ரொம்ப மோசம். இன்னொண்ணு ஐஆர்ஐ, வண்டி எவ்வளவு குலுங்கும்ங்கற அளவு, 1982ல உலக வங்கி பிரேசில்ல நடத்தின சோதனைலேருந்து வந்தது, இதுல நம்பர் குறைய குறைய ரோடு வழவழப்பு. ஒரு வருஷ சராசரிய மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க, நாலஞ்சு வருஷத்து நம்பரை வரிசையா வச்சு பாருங்க, மோசமான ரோட்டோட பங்கு ஏறுதா இறங்குதானு பாருங்க. அளவே எடுக்கலைனு சொன்னாங்கன்னா அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

குழி விஷயத்துல எத்தனை நாள்ல அடைச்சாங்கங்கறத விட அதே இடம் திரும்ப பெயர்ந்துச்சாங்கறதுதான் முக்கியம். ஈரத்துல தாரைக் கொட்டி மிதிச்சுட்டு போனா அடுத்த மழைக்கு நிக்காது.

அவங்க பக்க நியாயத்தையும் பாக்கணும். 1958லேருந்து 1960 வரைக்கும் அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல பண்ணின ரோடு சோதனைல தெரிஞ்சது, அச்சு எடை, அதாவது வண்டியோட ஒரு சக்கர அச்சு ரோட்டு மேல இறக்கற பாரம், ரெண்டு மடங்கானா சேதம் கிட்டத்தட்ட 16 மடங்கு. ஓவர்லோடு லாரிய தடுக்கறது பெரும்பாலும் ரோடு துறை கைல இருக்காது. குடிநீர், கேபிள்காரங்க தோண்டுறதும் அப்படித்தான், ஆனா தோண்ட அனுமதி கொடுத்து, பழையபடி கெட்டிச்சு மூடினாங்களானு பாக்க வேண்டியது ரோடு யார் பொறுப்போ அவங்கதான்.

உங்க சங்கத்துல நாலு பேர் சேர்ந்து பத்து தெருவை தேர்ந்தெடுங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒரு தடவை மழை விட்ட மறுநாள், அதே இடத்துல நின்னு போட்டோ எடுங்க, தண்ணி எங்க தேங்குதுனு குறிச்சு வைங்க. அந்த பைலோட போய் ரோடு பட்டியல், ஒவ்வொரு ரோடும் கடைசியா போட்ட வருஷம், கான்ட்ராக்டர் எத்தனை வருஷத்துக்கு பொறுப்புங்கற விவரம், இந்த மூணையும் எழுத்துல கேளுங்க.