கேள்வி பதில்: ஜோவான் கப்தெவிலா, பெயர் நினைவுக்கு வராத அந்த 11-வது ஆள்

ஸ்பெயின் கால்பந்து அணியின் பழைய லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பாட்டக்காரர்) கப்தெவிலாவைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

பார்சா பைத்தியம்: 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இறங்கிய பத்துப் பேர் பெயர் கடகடவென்று வருகிறது. லெஃப்ட் பேக்கில் மட்டும் முட்டுகிறது. அவ்வளவு சாதாரண ஆளா அண்ணே?

ஊரே அங்கேதான் முட்டும், தம்பி. அந்தப் 11 பேரில் பார்சிலோனாவும் இல்லாமல் ரியல் மாட்ரிடும் இல்லாமல் இருந்தவர் இவர் ஒருவர்தான், வில்லாரியல் கிளப்காரர். ஏழு ஆட்டத்திலும் தொடக்கத்திலேயே இறங்கினார். வலது பக்கம் ராமோஸ் விங்கர் மாதிரி ஏறிப்போய்விடுவார், முன்னால் இனியெஸ்டாவும் வியாவும் நடுவுக்கு நகர்ந்துவிடுவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே! இறுதியாட்டத்தில் எதிரணியான நெதர்லாந்தின் விங்கர் ராபன் இவர் பக்கம்தான். ஆனால் ராபனுக்குக் கிடைத்த இரண்டு பெரிய வாய்ப்புகளும் நடுவழியாக வந்தவை. ஒன்று ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸின் காலில் பட்டுப் போனது; இன்னொன்றில் தடுப்பாட்டக்காரர் புயோலைத் தாண்டி ஓடியும் கசியாஸின் கையில் சிக்கியது. லெஃப்ட் பேக் பெயர் பேசப்படாத ஆட்டம் அவருக்கு நல்ல ஆட்டம் என்பது என் கணக்கு.

ராத்திரி மேட்ச்: ஆரம்பத்தில் ராசியே இல்லாதவர் என்கிறார்களே?

1999-ல் எஸ்பான்யோலை விட்டு அத்லெடிகோ மாட்ரிட் போனார். அங்கே முன்கள ஆட்டக்காரர் ஹாசல்பைங்க் 24 கோல் அடித்தும் அந்த சீசனில் அத்லெடிகோ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அதோடு போகவில்லை. ஸ்பெயினின் அரசர் கோப்பை (கோப்பா டெல் ரே) இறுதியில் எதிரே நின்றது, இவர் விட்டுவந்த அதே எஸ்பான்யோல். அத்லெடிகோ கோல்கீப்பர் டோனி பந்தை உதைக்கும் முன் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். எஸ்பான்யோலின் டமூடோ பக்கத்தில் வந்து தலையால் அதைத் தட்டிப் பறித்து வலைக்குள் தள்ளிவிட்டார். முடிவில் 2-1. எஸ்பான்யோலுக்கு 60 ஆண்டுக்குப் பின் கோப்பை! அதே 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி. தங்கம் கேமரூனிடம் பெனால்டியில் போனது.

கலிங்கப்பட்டி கீப்பர்: டெபோர்டிவோ காலம் எப்படி?

2000 முதல் 2007 வரை அந்தக் கிளப்பில் இருந்தார். 2002-ல் ரியல் மாட்ரிடின் நூறாவது பிறந்த நாளன்று, அவர்கள் மைதானத்திலேயே டெபோர்டிவோ கோப்பையைத் தூக்கியது. ஆனால் அந்த ஆண்டுகளில் பாதி நேரம் இன்னொரு லெஃப்ட் பேக் ரொமேரோவோடு இடத்துக்குப் போட்டி.

இடது கால்: உச்சம் எது?

சந்தேகமே இல்லை, வில்லாரியலில் முதல் வருடம். 2007-08-ல் அந்தச் சின்ன ஊர் அணி பார்சிலோனாவைப் பின்னுக்குத் தள்ளி லீக்கில் இரண்டாமிடம் பிடித்தது. 2007 நவம்பரில் ஸ்வீடனை 3-0 என்று வென்று யூரோவுக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தில் முதல் கோல் இவருடையது. அப்புறம் 2008 யூரோ கோப்பை.

மெரினா மச்சான்: இந்தியாவில் ஆடினாராமே, நிஜமா?

நிஜம்தான். 2014, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) முதல் சீசன். சென்னையின் எஃப்சிக்கு பிரேசிலின் எலானோ வந்தபோது, குவாஹாட்டியின் நார்த்ஈஸ்ட் யுனைடெடுக்கு இவர். அங்கே பயிற்சியாளர் நியூசிலாந்தின் ரிக்கி ஹெர்பர்ட். முதல் ஆட்டத்தில் கேரளாவை 1-0 என்று வென்றார்கள், கடைசியில் முடித்தது எட்டாவது இடத்தில், அதாவது கடைசி.

பார்சா பைத்தியம்: இவரா, இவருக்குப் பின் ஸ்பெயினுக்கு லெஃப்ட் பேக்காக வந்த ஜோர்டி ஆல்பாவா?

ஆல்பாதான், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் 2010-ல் ஆல்பா இல்லையே!