அரசும் தொண்டு நிறுவனமும் ஊரும் சேர்ந்து நடத்தும் காலநிலைக் கூட்டுத்திட்டங்களால் திருகோணமலைக் கரையோர ஊர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் கன்று நட்டுப் படமெடுத்துக்கொண்டு போகிற கூட்டால் அல்ல. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் நட்ட கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) கன்றுகளில் பெரும்பகுதி பட்டுப்போனது. பல இடங்களில், வற்று நேரத்திலும் நீர் வடியாத சேற்றில் நட்டார்கள், வேருக்கு மூச்சில்லை. தப்பியதை மாடு மேய்ந்தது.

கொட்டியாரக் குடாவில் எந்தச் சேறு எவ்வளவு நேரம் மூழ்கும் என்பது மூதூர், கிண்ணியா மீனவருக்கு அத்துப்படி. அவர்களின் சங்கம் இடம் காட்டி, வனத் திணைக்களம் அனுமதித்து, தொண்டு நிறுவனம் (இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்) நட்டபின் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கினால் கன்று பிழைக்கும். இறாலும் நண்டும் பெருகினால் ஊரே காவல் காக்கும்.

புயல் எச்சரிக்கையும் அப்படியே, ஊரோடு சேர்ந்தால்தான் பயன். 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு தமிழில், நேரத்தோடு வாடிக்கு (கரையிலுள்ள மீனவர் கொட்டிலுக்கு) வந்தால்தான் தோணியை மேலே இழுக்க முடியும்.