இடம்பெயர்ந்த ஒரு நிலத்துண்டு முதலில் எங்கே இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கரையோர வடிவம் பொருந்துவதைத் தவிர வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. சிறிய துண்டுகளுக்குக் கரை வடிவம் கைகொடுக்கவே கொடுக்காது. கடல்மட்டம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே அது மாறிவிடும். பாறைக்குள் பதிந்திருக்கும் திசையைத்தான் தேட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஓர் எடுத்துக்காட்டை வைத்தே சொல்கிறேன்.

ஃபாக்லாந்து தீவுகள் தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 500 கி.மீ. கிழக்கே இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவோ 6,000 கி.மீ.க்கும் அப்பால். ஆனால் தீவின் பாறை அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் தென்னாப்பிரிக்காவின் கேப் மலைகளைப் படிப்பது போலவே இருக்கும். அடியில் 100 கோடி ஆண்டுகளுக்கும் பழைய நைஸ் பாறை. அதன்மேல் தடித்த மணற்கல். அதற்கும் மேலே டெவோனியன் காலத்தில், அதாவது சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடல் உயிரிகளின் புதைபடிவங்கள். 1833, 1834-இல் இங்கே வந்த டார்வின் சேகரித்தது இவற்றைத்தான். பிறகு குவார்ட்சைட் என்ற கெட்டியாக இறுகிய மணற்கல், பனியாறு கொண்டுவந்து கொட்டிய கலவைப் பாறை, கடைசியாக குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலைகள் பதிந்த அடுக்குகள். தென்னாப்பிரிக்காவிலும் மணற்கல் தொடங்கி மேலே இதே வரிசைதான்.

வரிசை ஒத்துப்போவது மட்டும் எனக்குப் போதாது. ஒரே காலத்தில் ஒரே மாதிரிக் கடலோரங்களில் ஒரே மாதிரி மணல் படியலாம் அல்லவா? ரேமண்ட் ஏடி என்ற நிலவியலாளர் 1952-இல் கவனித்தது இதைவிட ஆழமானது. கேப் மலைத்தொடர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. மடிப்புகள் வடக்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. காரூ என்ற பழைய படுகை, அதாவது மணலும் சேறும் படிந்து நிரம்பிய பள்ளம், மலைக்கு வடக்கே இருக்கிறது. ஃபாக்லாந்திலும் மலை கிழக்கு மேற்காகத்தான் ஓடுகிறது. ஆனால் மடிப்புகள் சாய்ந்திருப்பது தெற்கே. காரூவை ஒத்த அடுக்குகள் இருக்கும் லஃபோனியா சமவெளியும் தெற்கே. எல்லாமே தலைகீழ்! நிலவியல் படித்த காலத்தில் ஃபாக்லாந்து வரைபடத்தை ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, நடுவில் குண்டூசி குத்தி, 180 டிகிரி திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. ஏடியும் அப்படித்தான் தீவுகளைத் திருப்பி, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார். நிலப்பரப்புகள் நகரும் தட்டுகள்மேல் இருக்கின்றன என்ற புவித்தட்டுக் கொள்கையே அப்போது வந்திருக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்குச் சாட்சி சொல்ல வந்தது காந்தம். எரிமலைக் குழம்பு பாறை வெடிப்புகளில் புகுந்து சுவர்போல இறுகியதை டைக் என்போம். குழம்பு ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமத் துகள்கள் அன்றைய காந்த வடக்கைத் தமக்குள் பதித்துக்கொள்ளும். விரல் பருமனுக்குப் பாறையைத் துளையிட்டு, அந்தத் துண்டை உடைத்து எடுப்பதற்கு முன்பே திசைகாட்டி வைத்து அதன்மேல் வடக்கைக் குறிப்பார்கள். அந்த ஒரு கோடு விட்டுப்போனால் மாதிரி வீண். ஆய்வகத்தில் படிப்படியாகச் சூடேற்றிப் பிற்காலத்தில் ஒட்டிய காந்தத்தைக் கழித்தால் பழைய திசை தெரியும். ஃபாக்லாந்தின் 18, 19 கோடி ஆண்டுப் பழைய டைக்குகளை அளந்து 1986-இல் வெளியான முடிவு, தீவுகள் பெரிதாகச் சுழன்றிருப்பதைக் காட்டியது. 180 டிகிரி முழுவதும் அதில் தெரியவில்லை. மீதிச் சுழற்சி டைக்குகள் உருவாகும் முன்பே நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

இன்னொரு சாட்சி, கையில் அடங்கும் ஒரு கூழாங்கல். ஃபாக்லாந்தின் பனியாற்றுப் பாறைக்குள் சுண்ணாம்புக் கற்கள் சிக்கியிருக்கின்றன. சிலவற்றின் வெட்டுப் பரப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம், இடையே ஆரக்கால் போலத் தடுப்புகள், மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி. அவை ஆர்க்கியோசயாத், 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன கடற்பஞ்சு வகை உயிரி. அது வளர்ந்த சுண்ணாம்புப் பாறை தீவில் எங்குமே இல்லை. அன்டார்க்டிகாவின் குறுக்கு மலைத்தொடரில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ட்வைகா பனியாற்றுப் படிவிலும் இதே கற்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், மூன்று நிலங்களும் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்தபோது, பனி இழுத்துவந்து போட்டவை என்பதுதான் இதற்கு நேரான விளக்கம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தீவுகள் அந்த நிலங்களுக்கு அருகில் இருந்ததை இந்தக் கல் சொல்லும், சுழன்றதைச் சொல்லாது.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தீவுகளைச் சுற்றியுள்ள கடலடியை அதிர்வலை மூலம் ஆராய்ந்தவர்களில் சிலர், இவ்வளவு பெரிய துண்டு சுழன்றிருந்தால் அதன் விளிம்பில் இருக்க வேண்டிய பெரும் முறிவுகள் எங்கே என்று கேட்கிறார்கள். தீவுகள் தொடக்கம் முதலே தென் அமெரிக்காவோடுதான் இருந்தன என்பது அவர்கள் கட்சி. நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் ஏடியின் பக்கம். முறிவுகள் பிற்காலப் படிவுகளுக்கு அடியில் மறைந்து கிடக்கலாம். மடிப்பின் சாய்வும் படுகை இருக்கும் பக்கமும் ஒரே மலையாக்கத்தின் விளைவுகள்; டைக்கின் காந்தமோ அவற்றோடு தொடர்பில்லாத வேறு காரணத்தால் உருவானது. மூன்றும் சேர்ந்து சுழற்சியையே காட்டும்போது அதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.