பிள்ளையைத் தேடும் வீட்டில் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: கொழும்பிலிருந்து எங்கள் சபையார் ஆறு பேர் முல்லைத்தீவுக்கு ஊழியத்துக்குப் போகிறோம். போரில் பிள்ளைகளைத் தொலைத்த வீடுகளில் என்ன பேசுவது, எதைத் தவிர்ப்பது?

பதில்: முதலில், ஆறு பேரும் ஒரே வீட்டுக்குப் போகாதீர்கள். இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒரே நிற உடுப்போடு ஒரு கூட்டம் படலையைத் திறந்து வந்தால் அந்தச் சனத்துக்கு வேறு ஞாபகங்கள் வரும். கதிரையை வாசலை மறித்துப் போடாதீர்கள். பெயர், திகதி, கடைசியாகக் கண்ட இடம் என்று கேட்கவே வேண்டாம். 2009க்குப் பிறகு ஆணைக்குழுக்களிலும் அலுவலகங்களிலும் அதைச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள். சபையின் முகநூலுக்குப் படம் வேண்டுமென்றால் கடலை எடுங்கள்.

போகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது வினைச்சொல்லில்தான். தாய் 'மகன் இருக்கிறான்' என்பார். நீங்கள் 'ஆண்டவரிடத்தில் இளைப்பாறுகிறான்' என்று ஜெபித்தால் கதை அதோடு முடிந்தது. போர் முடிந்த 2009 மே 18 அன்று முல்லைத்தீவின் வட்டுவாகலில் பலர் பிள்ளையைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். சரணடைந்தவர்களோடு போன கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் ஜோசப் அடிகளாருக்கு என்ன ஆனதென்றும் இன்றுவரை பதில் இல்லை. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று மறுத்து, 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் போராட்டத்தில் இருந்தவர்கள் இவர்களைப் போன்ற தாய்மார். அவர்கள் வாங்க மறுத்த அதே சான்றிதழை நீங்கள் ஜெபத்தில் எழுதிக் கொடுக்கக்கூடாது. 'எங்கே இருந்தாலும் அவனை நினைத்தருளும்' என்பது போதும். 'திரும்பி வருவான் என்று கர்த்தர் சொல்கிறார்' என்று தீர்க்கதரிசனம் சொல்வது இதைவிட மோசம்.

வேதத்தில், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28ஐ இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சங்கீதம் 88ஐ மெதுவாக வாசியுங்கள். அது ஆறுதல் இல்லாமலே முடிகிறது. கடைசி வரி, 'எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்'. அங்கேயே நிறுத்துங்கள், விளக்கம் வேண்டாம்.

பழகிய பிறகு 2 சாமுவேல் 21இல் வரும் ரிஸ்பாள். தன் இரண்டு பிள்ளைகளின் உடல்களைப் பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் தொடாதபடி, பாறைமேல் இரட்டுத் துணியை விரித்து, மழை பெய்யும்வரை காத்திருந்த தாய். அவள் இருந்த இருப்பைக் கேள்விப்பட்ட பிறகுதான் அரசன் தாவீது எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்ய ஆளனுப்பினான். ஆனால் அதிகாரத்தை முதலிலிருந்து படித்துவிட்டுப் போங்கள். அந்தப் பிள்ளைகளை ஒப்புக்கொடுத்ததும் அதே தாவீதுதான். கேட்பவர் அதைப் பிடித்துக்கொள்வார், மழுப்பாதீர்கள். இங்கே உடல்கூட இல்லை என்பதும் உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

மன்னிப்பைப் பற்றி நீங்கள் தொடங்க வேண்டாம். யாரும் வந்து மன்னிப்புக் கேட்காதபோது, மன்னி என்பது வாயை மூடு என்றுதான் காதில் விழும்.

ஒலிபெருக்கி, திடீர்க் கைதட்டல், சத்தமான அந்நிய பாஷை ஜெபம் எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். ஒருவர் நடுங்கினாலோ வெறித்துப் பார்த்தாலோ பிசாசு என்று தலையில் கை வைக்காதீர்கள். அது மனவடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாதத்தை நிலத்தில் அழுத்தச் சொல்லி, தண்ணீர் கொடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் இருக்கிறது. 'விசுவாசித்தால் மாத்திரை தேவையில்லை' என்று யாராவது சொன்னால் அவரை அடுத்த முறை கூட்டிப் போகாதீர்கள்.

உலர் உணவுப் பொதியும் வேதாகமமும் ஒரே வாகனத்தில் போகக்கூடாது. அங்கே சைவ சமய வீடுகள்தான் அதிகம். சாமான் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு ஊரில் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது.

மே மாதம் போனால் முள்ளிவாய்க்கால் கஞ்சி தருவார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். போரின் கடைசி நாட்களில் அங்கே சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது அது. படையலோ என்று தயங்காமல், உட்கார்ந்து முழுவதையும் குடியுங்கள்.