ஜெர்மனியில சைக்கிள்: ஊர்ப் பழக்கத்துல எதை மாத்தணும்

தம்பி, மன்னார்குடியிலேர்ந்து அக்டோபர்ல படிக்க வர்றீங்க. பழைய சைக்கிள் வாங்கலாமா, லைசென்ஸ் வேணுமா, ஊர்ல ஓட்டின பழக்கம் போதுமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா வாங்கலாம். சாதா சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது. ஹெல்மெட்டும் கட்டாயமில்ல, ஆனா போட்டுக்குங்க. பழக்கம்தான் கொஞ்சம் உதைக்கும்.

ரோட்டுல வலப்பக்கமா ஓட்டறது ரெண்டு நாள்ல வந்துடும். சீக்கிரத்துல வராதது முன்னுரிமை. நம்ம பக்கம் பெரிய வண்டிக்குத்தான் வழி. கும்பகோணம் ரோட்டுல பஸ் ஹாரன் அடிச்சா சைக்கிள் மண்ணுல இறங்கிடும். இங்க, போர்டும் சிக்னலும் இல்லாத சந்திப்புல உங்களுக்கு வலப்பக்கத்திலேர்ந்து வர்றவங்க முதல்ல போவாங்க. ‘ரெஹ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்’ம்பாங்க, ‘இடதுக்கு முன்னாடி வலது’ன்னு அர்த்தம். லாரி, கார், சைக்கிள் எல்லாத்துக்கும் ஒரே கணக்கு. 30 கி.மீ. வேகம் போட்ட குடியிருப்புத் தெருக்கள்ல பெரும்பாலும் இதுதான். நீங்க அகலமான தெருவுல நேராப் போறீங்க, வலப்பக்கம் ஒரு சின்ன சந்து. அதிலேர்ந்து வர்ற கார் உங்களுக்காக நிக்காது, நிக்கணும்னும் இல்ல. அதனால ஒவ்வொரு வலப்பக்கச் சந்துக்கு முன்னாடியும் மிதிக்கறதை விட்டுட்டு, விரலை பிரேக் மேல வைங்க. அதே மாதிரி நீங்க வலப்பக்கத்திலேர்ந்து வந்தா பென்ஸ் காரும் நிக்கும். நின்னுடுச்சான்னு பார்த்துட்டுப் போயிடுங்க. ‘நீங்க போங்க சார்’னு மரியாதைக்குக் கை காட்டினா பின்னாடி வர்றவங்களும் சேர்ந்து குழம்புவாங்க.

வெள்ளை ஓரம் வைச்ச மஞ்சள் வைர வடிவப் போர்டு இருந்தா நீங்க போற ரோட்டுக்கே முன்னுரிமை. தலைகீழ் முக்கோணம்னா நீங்க வழி விடணும். இன்னொண்ணு: வாய்க்கால் கரை மண்பாதை தார் ரோட்டுல ஏறுமே, அந்த மாதிரி வயல் பாதையிலேர்ந்தோ வீட்டு வாசல்லேர்ந்தோ ரோட்டுக்கு வந்தா, வலப்பக்கமா வந்தாலும் நீங்கதான் நிக்கணும்.

ஊர்ல வலது திரும்பற சங்கடம் இங்க இடதுக்கு. இடத் தோளுக்கு மேல திரும்பிப் பாருங்க, இடக்கையை நீட்டுங்க, அப்புறம் நடுவுக்கு வாங்க. வண்டி அதிகமா, பயமா இருக்கா? நேரா எதிர் மூலைக்குப் போய் நின்னு, அங்கேர்ந்து குறுக்கே கடங்க. அதுவும் சட்டப்படி சரிதான். டிராம் தண்டவாளத்தைச் சாய்வா கடக்காதீங்க, டயர் பள்ளத்துல இறங்கிடும். வலது திரும்பப் போற லாரிக்கு வலப்பக்கத்துல போய் நிக்கவே நிக்காதீங்க, டிரைவருக்கு நீங்க தெரிய மாட்டீங்க.

பிரேக்கைப் பத்தியும் சொல்லணும். இங்கத்து பழைய சைக்கிள் நிறைய, பெடலைப் பின்னால மிதிச்சா பின்சக்கரம் பிடிக்கற வகை. ஊர்ல சும்மா பின்னால சுத்துற பழக்கத்துல காலை அசைச்சா டக்குனு நின்னுடும். கைப்பிடியில ரெண்டு பிரேக் இருக்கற சைக்கிள்னா, முன் பிரேக் பெரும்பாலும் இடக்கையில இருக்கும். ஆளில்லாத இடத்துல பத்து தடவை நிறுத்திப் பார்த்துட்டு அப்புறம் ரோட்டுல இறங்குங்க.

நவம்பர், டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டு. முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு லைட் வேணும். பேட்டரி லைட் போதும், ஆனா அலைக்கோடும் ‘கே’ எழுத்தும் ஒரு எண்ணும் அச்சிட்ட அங்கீகாரம் பெற்றதா இருக்கணும். மினுக்மினுக்குனு அடிக்கறது கூடாது, அதனால ஊர்லேர்ந்து லைட் கட்டிட்டு வராதீங்க. பெடல், சக்கரம், முன்பின் பக்கம் எல்லாத்துலயும் பிரதிபலிப்பான், அப்புறம் மணி ஒண்ணு.

அபராதம்: லைட் இல்லாம ஓட்டினா 20 யூரோ, கையில போன் வெச்சா 55, சிவப்பு சிக்னலைத் தாண்டினா 60, சிவப்பு விழுந்து ஒரு செகண்டுக்கு மேல ஆகியிருந்தா 100. சிக்னலை மீறினா உங்க பேர்ல பாயிண்ட்டும் (போக்குவரத்துத் தப்புக்குப் போடற புள்ளி) ஏறும், லைசென்ஸ் இல்லாட்டியும் ஏறும். பெரியவங்க நடைபாதையில ஓட்டக்கூடாது. ஒருவழித் தெருவுல எதிர்த்திசையில போக, போர்டுக்குக் கீழ சைக்கிள் படமும் ‘ஃப்ரை’ங்கற (அனுமதி உண்டுன்னு அர்த்தம்) வார்த்தையும் இருந்தாத்தான் உண்டு. கேரியர்ல நண்பனை ஏத்திக்கிட்டு டபுள்ஸ் போறதை மறந்துடுங்க.

வாங்கும்போது ஃப்ரேம் நம்பர், விக்கறவர் பேரு, முகவரி, விலை, தேதி எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்குங்க. திருட்டு சைக்கிள்னு தெரியவந்தா, காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது, திருப்பிக் கொடுத்தே ஆகணும்.