அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 11 மாத்திரை

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, மூட்டுவலி என்று மூன்று டாக்டர்கள் எழுதிய 11 மாத்திரைகள். கால் வீங்குகிறது, ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுகிறார், கோயிலுக்குக்கூட வர மறுக்கிறார். சிலதை நிறுத்தலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் அம்மாவின் அலுப்பை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடவும் வேண்டாம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அது தெரியாமல் வீக்கத்துக்கு நீர் பிரிய ஒன்று எழுதுவார்கள், அதைச் சாயங்காலம் போட்டால் ராத்திரித் தூக்கம் போச்சு, அப்புறம் தூக்கத்துக்கு இன்னொன்று, அந்த மயக்கத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள் எத்தனையோ பேர். தைராய்டு மாத்திரையோ வெறும் வயிற்றில் போட வேண்டும், அதனால் காலைக் காபியும் தள்ளிப்போகும். நாள் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கோயிலுக்கு எப்படிப் போவார், பாவம்!

எல்லா அட்டைகளையும், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோங்கள். எது இன்னும் வேண்டும், எதைக் குறைக்கலாம் என்று நேராகக் கேளுங்கள். ராத்திரி எழுவதையும் மறக்காமல் சொல்லுங்கள், சர்க்கரை கூடினாலும் அப்படி ஆகும்.